எங்கேயோ போகிற வாய்க்கால்

யானை ராஜாவின் உத்தரவைக் கொண்டுவந்த மீன்கொத்தி மூச்சுவிடக்கூட நிற்கவில்லை.

"புற்றுமேட்டுக்காரங்களே, கேளுங்க! முதல் மழையன்னைக்கு ராஜா வர்றார். மேட்டிலிருந்து குளத்துல இறங்குற தண்ணியை உங்க தலைவர் முதல்ல குடிக்கணும். அப்புறம் ராஜா குடிப்பார். நாறினா மேடே காலி! எல்லாரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்!"

சொன்னது. பறந்தது.

புற்றுமேட்டின் தலைவர் மண்டையன் என்கிற பெருச்சாளி. அது மேட்டைச் சுற்றிப் பார்த்தது. பன்றிகள் போட்ட விட்டை. காகங்கள் துப்பிய எலும்பு. முள்ளம்பன்றி தின்று எறிந்த பலாச் சக்கை, அழுகி ஈ மொய்த்தது. மண்டையன் மூக்கைப் பொத்திக்கொண்டது. மழை பெய்தால் இதையெல்லாம் கரைத்தா குடிப்பது!

"எல்லாத்தையும் வாருங்க! வாய்க்கால்ல தள்ளுங்க!"

"தலைவரே, வாய்க்கால் எங்கே போகுது?" என்றது ஒரு பன்றி.

"தாழம்புதருக்குள்ள போகுது. அப்புறம் எங்கேயோ போகுது! வேலையைப் பாருடா!"

வாரின. தள்ளின. மேடு பளபளவென்று ஆகிவிட்டது. "தலைவர் வாழ்க!" என்று காகங்கள் தொண்டை கிழியக் கத்தின. மண்டையன் மீசையை நீவிவிட்டுக்கொண்டது.

அப்போது வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு தவளை தாவி ஏறியது. பெயர் குமிழி. முதுகெல்லாம் பலாச் சக்கை. கோபத்தில் தொண்டை பம்மென்று உப்பியிருந்தது.

"எவன்டா இங்கே தலைவன்?"

"நான்தான். மரியாதையாப் பேசு!"

"மரியாதை வேற! இந்த வாய்க்கால் எங்கே போகுதுன்னு தெரியுமாய்யா உமக்கு?"

"எங்கேயோ போகுது. உனக்கென்ன?"

"அந்த எங்கேயோவுலதான்யா நான் குடியிருக்கேன்! என் பிள்ளைங்க குடியிருக்கு! வந்து பாரும், கால் இல்லையா?"

மண்டையன் போயிற்று. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தாழம்புதரைத் தாண்டியது. தாண்டினால் குளம்! வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் தலைப்பிரட்டைகள் கூட்டமாக நெளிந்தன. இப்போதுதான் பின்னங்கால் முளைத்திருந்தது. ராஜா குடிக்கப்போகிற இடமும் அதுதான்.

வானம் இடித்தது.

"ஐயோ!" மண்டையன் திரும்பி ஓடியது. "தள்ளினதையெல்லாம் மேலே ஏத்துங்க! சீக்கிரம்! சீக்கிரம்!"

பன்றிகள் முட்டித் தூக்கின. காகங்கள் கொத்தி இழுத்தன. பாதிகூட ஆகவில்லை, கொட்டிவிட்டது மழை!

"தலைவரே, வருது! கறுப்பா நுரைச்சுக்கிட்டு வருது!"

கீழே குமிழி வாய்க்காலின் குறுக்கே கையை விரித்து நின்றது. அந்தச் சின்ன உடம்பு எதைத் தடுக்கும்?

வாய்க்காலை ஒட்டித்தான் மண்டையனின் வளை இருந்தது. வெயில்காலமெல்லாம் தோண்டிய வளை. உள்ளே மெத்தென்று வைக்கோல், மழைக்காலம் முழுக்கத் தின்ன நிலக்கடலை. மண்டையன் வளையைப் பார்த்தது. குமிழியைப் பார்த்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கரையைப் பறித்தது! பறித்த மண்ணை வாய்க்காலில் குறுக்கே தள்ளி அணை போட்டது. கறுப்புத் தண்ணீர் முழுக்கத் திரும்பி, மடமடவென்று அதன் வளைக்குள் இறங்கியது.

அழுக்கு அடங்கித் தண்ணீர் தெளிந்ததும் அணையை வெட்டிவிட்டது.

தரை அதிர ராஜா வந்தார். "குடி!"

மண்டையன் குடித்தது. ராஜாவும் துதிக்கை நிறைய உறிஞ்சினார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. உன் மேலதான் நாத்தம் தாங்கலை!"

"அழுக்கு என் வீட்டுல கிடக்கு, மகாராஜா."

"உன் வீட்டிலேயா? ஏன்?"

"தள்ளினவன் நான்தானே!"

ராஜா பிளிறிச் சிரித்தார். "மேடு உங்களுக்கே!"

குமிழி பக்கத்தில் வந்தது. "இன்னைக்கு எங்கேய்யா படுப்பீர்?"

"எங்கேயோ!"

"எங்கேயோ என்ன எங்கேயோ? வாரும், எங்க தாழம்புதர்ல இடம் இருக்கு!"

உன் வாசலிலிருந்து நீ தள்ளிவிடும் அழுக்கு தொலைந்துபோவதில்லை. இன்னொருவர் வாசலில் போய்த்தான் நிற்கும்.