முன்னால் போகிறவர் நிற்க வேண்டும்

“எனக்கு எப்பதான் தேரிப் பாதை தருவீங்க டீச்சர்?” என்று கேட்டார் பிரமநாயகம்.

கேட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கத்தினார்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

சங்குமுனைக் கடற்கரையில் மலைச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பிரமநாயகத்தைவிட இருபது வயதாவது சின்னவள். ஆனாலும் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவளிடம் இரண்டு பாதைகள் உண்டு. சவுக்குத் தோப்பை ஒட்டிக் கடலோரமாகவே போவது சுலபப் பாதை. அதற்கு நீலக் கல் நட்டிருப்பாள். தேரி என்று சொல்கிற செம்மணல் மேடுகளில் ஏறி இறங்குவது நடுத்தரப் பாதை. அதற்கு மஞ்சள் கல். கஷ்டமான பாதை என்று ஒன்று கிடையாது. கேட்டால், “அதுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும்” என்பாள்.

இரண்டு பாதைக்கும் ஒரே சட்டம். பாதை பிரிகிற இடம் வந்தால் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிற ஆள் வழி தவறி, உடைமரக் காட்டுக்குள் போய் முள்ளில் மாட்டிக்கொள்ளும்.

பிரமநாயகம் இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

“மூணு மாசமா நீலக் கல்லு. நேத்து வந்த பயலுவ எல்லாம் தேரியில ஏறுதானுவ. நான் கடலப் பாத்து உருட்டிக்கிட்டுக் கெடக்கேன். எல்லாம் இவளாலதான்.”

இவள் என்றது மனைவி உலகம்மையை. அவள் பத்தடி தள்ளி, சைக்கிள் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தாள். காதில் விழட்டும் என்றுதான் அவர் சொன்னார். விழுந்தது.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் பேச்சே செத்துப்போயிற்று. டிவி மட்டும் பேசும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஒன்றுதான் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்கிற காரியம். இன்று காலையில் அதற்கும் கொள்ளி வைத்தாயிற்று.

சுலபப் பாதையை முடித்து இறங்கியதும் உலகம்மை ஹெல்மெட்டைக் கழற்றி அவர் காலடியில் போட்டாள்.

“இனிமே சைக்கிளும் வேண்டாம், உங்ககூட எங்கயும் வாரதும் வேண்டாம். சாயங்கால ரயில்ல மக வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க.”

அவள் சொன்னால் செய்கிறவள். அது அவருக்கும் தெரியும். அந்தப் பயத்தைத்தான் மனுஷன் டீச்சரிடம் வந்து கோபமாகக் கொட்டினார்.

“சுலபமான பாதையவே முடியலங்கா டீச்சர். இது சோம்பேறித்தனம் இல்லாம என்ன? நான் என்ன, அவள விட்டுட்டா போறேன்? ஒவ்வொரு பிரிவுலயும் நின்னு, ஆடி அசைஞ்சு அவ வார வரைக்கும் காத்துக்கிட்டுத்தான கெடக்கேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?”

ஜெசிந்தா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள்.

“அக்கா, அண்ணாச்சி காத்துக்கிட்டு நிக்காவளா?”

“நிக்காவ,” என்றாள் உலகம்மை. “நல்லா நிக்காவ.”

“பாத்தீங்களா, அவளே சொல்லுதா,” என்றார் பிரமநாயகம்.

உலகம்மையின் குரலில் என்ன இருந்தது என்று கொட்டகைத் தூணுக்குக்கூடப் புரிந்திருக்கும். இவருக்குப் புரியவில்லை.

ஜெசிந்தாவின் முகம் சிவந்துவிட்டது. கோபம் வந்தால் அவள் பேச்சைக் குறைத்துவிடுவாள்.

“சைக்கிள எடுங்க அண்ணாச்சி. தேரிக்குப் போவோம்.”

“இப்பவா?”

“இப்பதான். நான் முன்னால. அதே சட்டம்.”

பிரமநாயகம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஜெயித்துவிட்டாராம். அந்தப் பார்வைக்கே நாலு அறை விடலாம்.

தேரி மணலில் சக்கரம் புதைந்தது. கியரை மாற்றி மாற்றி, உந்தி உந்தி ஏறினார். முதல் மேட்டிலேயே ஜெசிந்தா கண்ணுக்கு மறைந்துவிட்டாள்.

பாதை பிரிகிற இடத்தில் ஒரு மொட்டைப் பனை. அதன் அடியில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பிரமநாயகம் வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். கை தண்ணீர் பாட்டிலுக்குப் போயிற்று.

“வந்துட்டீங்களா? சரி,” என்றாள் ஜெசிந்தா. ஏறினாள், போய்விட்டாள்.

அவர் பாட்டிலை மறுபடி செருகினார். தாமதித்தால் தேரிக்கு லாயக்கில்லாத ஆள் என்று நினைத்துவிடுவாளே. பின்னாலேயே மிதித்தார்.

அடுத்த பிரிவில் ஒரு இடிந்த கிணறு. ஜெசிந்தா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அவர் சங்கிலிச் சத்தம் கேட்டதும் தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டு எழுந்தாள்.

“டீச்சர், ஒரு நிமிஷம்.”

“இவ்வளவு நேரம் உங்களுக்காகத்தான நின்னேன்,” என்றாள். போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஏற்றம். மேலே வெயில், கீழே கொதிக்கிற செம்மணல். தொடை நடுங்கியது. தொண்டை வறண்டது. வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே ஏறினார். இறங்கித் தள்ளலாம் என்றால், மேலே ஒருத்தி காத்திருக்கிறாள், அவள் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று அதுவும் முடியவில்லை.

மேட்டின் உச்சியில் ஒரு உடைமரம். ஜெசிந்தா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். அவர் வந்து நின்றதும் எழுந்து, முதுகு மணலைத் தட்டி, ஹெல்மெட்டை எடுத்தாள்.

பிரமநாயகம் சைக்கிளைத் தூக்கி மணலில் எறிந்தார்.

“நீ மனுஷிதானா?”

மரியாதை எல்லாம் கிணற்றடியிலேயே போயிருந்தது.

“நெழல்ல காலை நீட்டி உக்காந்து எளப்பாறுற. தண்ணி குடிக்குற. மிட்டாய் திங்குற. தூங்கக்கூடச் செய்யுற. நான் நாக்குத் தள்ளி வந்து நின்னா, நிக்குறதுக்குள்ள கெளம்பிடுற. யாருக்கு எளப்பாறணுமோ அவனுக்கு மூச்சு விட நேரம் கெடையாது. இதுக்குப் பேரு காத்திருக்கதா? இதுக்கு நீ என்னய விட்டுட்டே...”

அங்கே நின்றுவிட்டார்.

 

ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். “உக்காருங்க” என்றாள்.

அவர் உட்காரவில்லை. கீழே தெரிந்த சவுக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், அவ ஒரு பிரிவுலயாவது உக்காந்திருக்காளா?”

“என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?”

கொட்டகைக்குத் திரும்பும்போது உலகம்மை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தாள்.

பிரமநாயகத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றார்.

“நீலக் கல்லு பாதையில ஒரு சுத்து போவமா?”

“வெயில்ல மண்டை கலங்கிட்டா?”

“நீ முன்னால போ. நான் பின்னால வாரேன்.”

உலகம்மை அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை நனைந்து ஒட்டிக்கிடந்தது. முழங்கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா பழையபடி சங்கிலிக்கு எண்ணெய் விடக் குனிந்துவிட்டாள்.

உலகம்மை பையை இறக்கி வைத்தாள். மனசு இளகி அல்ல. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரியும்.

“சரி,” என்றாள். “சட்டம் எனக்கும் தெரியும்.”

மூன்று மாதக் கோபம் அவள் காலுக்கு வந்துவிட்டது. சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், முதல் பிரிவில் நிறுத்தினாள். நீலக் கல்லின் மேலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். முகத்தைக் கழுவினாள். கடலை நிதானமாகப் பார்த்தாள். இத்தனை நாள் இந்த இடத்தில் கடல் இவ்வளவு பக்கம் என்று அவளுக்குத் தெரியாது.

பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. எழுந்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். ஒரு காலைப் பெடலில் வைத்துத் தயாராக நின்றாள்.

பிரமநாயகம் வந்து சேர்ந்தார். ஒரு காலை ஊன்றினார். மூச்சு இரைத்தது. பெடலில் இருந்த அவள் காலைப் பார்த்தார்.

ஒரு நிமிஷம் என்று கேட்கவில்லை. கேட்க அவருக்கு ஏது வாய்? பாட்டிலைத் தொடாமல், ஊன்றிய காலைத் தூக்கித் திரும்பவும் பெடலில் வைத்தார். அவள் கிளம்பினால் பின்னால் போகத்தான் போகிறார்.

உலகம்மை அவரையே பார்த்தாள். கோபம் போகவில்லை. அவ்வளவு லேசில் போகிற கோபமும் இல்லை அது.

பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“உக்காந்து தொலைங்க,” என்றாள்.