ஏழாம் நம்பர் பஸ்ஸின் பெயர்

விடையை முதலில் எட்டிப் பார்க்கும் அவசரக்காரர்கள் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கதை நடப்பது அமெரிக்காவில். வழக்கு மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஒஹையோ மாநிலத்தில் மார்லோ என்றொரு சின்ன ஊர். மேட்டுத்தெருவில் வீட்டுக்கு மூன்று கார். ஆற்றோரத்தில் மூன்று வீட்டுக்குச் சேர்த்து ஒரு கார் இருந்தால் பெரிய விஷயம். அவர்களுக்கு ஏழாம் நம்பர் பஸ்தான் எல்லாம். அதை ஓட்டக் கட்டுப்படியாகவில்லை என்று நகரசபை கையை விரித்தது. சொத்து வரியைக் கொஞ்சம் கூட்டினால் பஸ் ஓடும். கூட்டலாமா, வேண்டாமா என்பதை ஊரே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று முடிவானது.

ஆற்றோரத்து லொரெட்டாவுக்கு அந்த பஸ் நிற்கவே கூடாது. அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் ஊருக்கு வெளியே ஒன்பது மைல். பஸ் நின்றால் வேலை போகும். வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆனால் ஓட்டு நாளோ செவ்வாய்க்கிழமை. நம் ஊர் போல அங்கே அதற்கு லீவு கிடையாது. அவளுக்கு அன்று விடிவதற்கு முன் தொடங்கி ராத்திரி எட்டு வரை வேலை. வாக்குச்சாவடி ஏழரைக்கு மூடிவிடும்.

கூட வேலை பார்த்த ரொசால்பாவுக்கு நான்கு மணிக்கே வேலை முடிந்தது. குவாத்தமாலாவிலிருந்து வந்தவள், குடியுரிமை இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. குடியிருந்தது இல்லத்துக்கு எதிர்வீட்டில், பஸ்ஸும் தேவையில்லை.

"நீ கிளம்பு. உன் இடத்துல நான் நிக்கறேன்" என்றாள். சாயங்காலம் அவள் போகவேண்டிய இன்னொரு வேலையில் அன்றைய கூலி போயிற்று.

மேட்டுத்தெருச் சாவடியில் வரிசையே இல்லை. ஆற்றோரத்துக்கு மொத்தமும் ஒரே சாவடி. அன்று பஸ்ஸும் தாமதமாக வந்ததால், ஏழு மணிக்கு மேல்தான் வரிசையில் சேர்ந்த லொரெட்டா இரண்டரை மணி நேரம் கால் கடுக்க நின்றாள். ஏழரை அடித்தபோது வரிசையின் கடைசி ஆள் அவள்தான். அதற்குள் வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது சட்டம். கடைசி ஓட்டைப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பஸ்ஸுக்கு ஆதரவாக 1841, எதிராக 1840. சமமாக வந்திருந்தால்கூட பஸ் நின்றுபோயிருக்கும். ஆற்றோரம் அமர்க்களப்பட்டது. மறுநாள் ஏழாம் நம்பர் டிரைவர் தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார், யாரும் திட்டவில்லை.

பஸ்ஸைக் காப்பாற்றியவர் பெயரை அதன் நெற்றியில் எழுதுவோம் என்றது நகரசபை.

கூட்டத்தில் மேட்டுத்தெருப் பணக்காரர் விட்காம் எழுந்தார். "நான் ஆதரவா போட்டேன். இந்த ஆற்றோரத்துக்காரங்க தங்களுக்காகப் போட்டாங்க. நான் பஸ் ஏறினதே இல்லை, வரி கட்டப்போறதும் நான்தான்." உண்மைதான். அந்த வரி அவருடைய நாயின் ஒரு மாதத் தீனிச் செலவு என்பதும், ஓட்டுப் போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது என்பதும் உண்மை.

லொரெட்டா விடுவாளா? "கடைசி ஓட்டு என்னோடது சார். நான் போடலைன்னா இன்னிக்கு பஸ்ஸே இல்லை!" பஸ்ஸின் நெற்றியில் தன் பெயரைப் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை.

நகரசபைத் தலைவி ரொசால்பாவைக் கேட்டார். "நீங்க?"

"எனக்கு ஓட்டே இல்லைங்க. இவ இடத்துல நாலு மணி நேரம் நின்னேன், அவ்வளவுதான்."

லொரெட்டா சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லுங்கள், அந்த பஸ்ஸில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: ஒரே ஓட்டில் வென்றால், ஆதரவாகப் போட்ட 1841 பேரில் யார் விலகியிருந்தாலும் தோல்விதான். கடைசியாகப் போட்டதற்குத் தனி எடை கிடையாது. பணக்காரர் போட்டதற்கும் கிடையாது. அந்தக் கணக்கில் எல்லோரும் சமம். ஓட்டே இல்லாமல் ஓர் ஓட்டைச் சேர்த்தவள் ஊரில் ஒருத்திதான். அதுவும் தனக்குத் தேவைப்படாத பஸ்ஸுக்காக. இதை முதலில் எழுந்து சொன்னவள் லொரெட்டாவேதான். திங்கட்கிழமை 'ரொசால்பா' என்ற பெயரோடு ஏழாம் நம்பர் வந்து நின்றது. போக வேண்டிய இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏறு என்று லொரெட்டா அவளைக் கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தாள். கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினார்கள் இருவரும்.