பாதிப் புகை பாவாத்தாளுக்கு

மூளையைப் பங்கு போட்ட அன்று வரிசையில் கடைசியாக நின்றவர்கள் யார் என்று கேட்டால், நெட்டூரணியில் வேன் கட்டி விற்கும் தொட்டியப்பன், சீரங்கன், மாசாணம் என்ற மூன்று அண்ணன் தம்பிகளைக் கை காட்டலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வரிசையில் இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார்கள்.

ஒருநாள் புகை ஆபீசர் வந்து அவர்களுடைய பத்து வேன்களையும் அளந்தார். ஒவ்வொன்றும் தொண்ணூறு புள்ளி.

"ஐம்பதுக்கு மேல போனா பட்டறைக்கு சீல். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். இல்லேன்னா புகையே விடாத பட்டறையோட கூட்டு சேருங்க. ரெண்டு பேர் வண்டியையும் ஒண்ணா வச்சு சராசரி பார்ப்போம்."

எதிர்ப் பட்டறையில் பாவாத்தாள் பத்து பேட்டரி வேன் செய்து நிறுத்தியிருந்தாள். நல்ல மனசுக்காரி. "அதுக்கென்னப்பா, கையெழுத்துத்தானே? தொண்ணூறுல பாதி நாப்பத்தஞ்சு. தப்பிச்சீங்க" என்று கையெழுத்தைப் போட்டுத் தந்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசரைக் கூட்டிவரக் கிளம்பினாள்.

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"ஆளுக்கு நாப்பத்தஞ்சுன்னு ஒத்துக்கிட்டாச்சு. ஆனா அக்கா வண்டியில ஒரு பொட்டுப் புகை இல்லையே" என்றான் தொட்டியப்பன்.

"அப்போ பொய்க் கையெழுத்தாண்ணா?" என்றான் சீரங்கன்.

"பாதிப் புகையை அங்க கொண்டுபோய்க் குடுத்துடணும். அதான் நியாயம்" என்றான் மாசாணம்.

சாக்கில் புகையைப் பிடித்து, வாயைக் கட்டி, ரோட்டைத் தாண்டித் தூக்கிப்போய் அவிழ்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. "வழியில எவனோ திருடிட்டான்!" என்று சீரங்கன் தெருவில் போனவர்களின் பையையெல்லாம் முகர்ந்து பார்த்தான்.

அடுத்து, பாதியை மட்டும் தடுக்கப் புகைக்குழாயில் தேங்காய் மட்டையைச் செருகினார்கள். மட்டை படாரென்று பறந்து மாசாணத்தின் நெற்றியில் பதிந்தது. "இதுதான் சீல் வைக்கிறதாண்ணா?" என்று அழுதான்.

கடைசியில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைப் பத்துத் துண்டாக வெட்டினார்கள். ஒரு முனையைத் தங்கள் வேனின் புகைக்குழாயிலும், மறுமுனையை அக்கா வேனின் பின்பக்கத்திலும் கட்டி, பத்து எஞ்சினையும் முடுக்கிவிட்டார்கள். பாதியில் நிறுத்தத்தான் யாருக்கும் தெரியவில்லை.

ஆபீசர் பாவாத்தாளோடு வந்து அளந்தார். இந்தப் பக்கம் பத்தும் பூஜ்யம். அந்தப் பக்கம் பத்தும் தொண்ணூறு. இருமிக்கொண்டே மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். சராசரி நாற்பத்தைந்துதான் வந்தது. விதிப் புத்தகத்தில் தோட்டக் குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடியே போனார்.

பாவாத்தாள் தன் வேன் கதவைத் திறந்து பார்த்து, முகமெல்லாம் கரியோடு நின்றாள். அதைப் பார்க்க மூவருக்கும் மனசு தாங்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போனார்கள்.

"தொண்ணூறுங்கிறது ரொம்ப ஜாஸ்திங்கக்கா, பட்டறைக்கு சீல் வச்சிருவாங்க" என்றான் தொட்டியப்பன், ஆறுதலாக. "ஆனா பயப்படாதீங்க. எங்க வண்டி பத்துலயும் புகையே இல்லீங்க. எங்களோட கூட்டு சேர்ந்துக்குங்க, நாங்க காப்பாத்துறோம்."