ஏரி என்று கூப்பிட்ட வாத்து

வெள்ளை வாத்துகளும் கறுப்பு வாத்துகளும் ஒரு பெரிய ஏரியில் சேர்ந்து வாழ்ந்தன. இரண்டுக்குமே அது பூர்வீக ஏரி இல்லை. வெள்ளை வாத்துகள் தங்கள் குளம் வற்றியபோது பிழைப்புத் தேடிப் பறந்து வந்தவை. கறுப்பு வாத்துகள் தாமாக வரவில்லை. வெள்ளை வாத்துகள்தான் அவற்றை எங்கோ தூரத்து நீர்நிலையிலிருந்து வளைத்து ஓட்டிக்கொண்டு வந்தன. ஏரி நடுவே ஒரு திட்டு எழுப்ப வேண்டும். அதற்குச் சேறு சுமக்க அலகுகள் வேண்டும். அதற்காகத்தான்.

சுமந்து சுமந்து திட்டு எழும்பியது. திட்டு முழுக்க வெள்ளை வாத்துகளின் கூடுகள் வந்தன. சேறு சுமந்தவை கரையோரக் கோரைப்புல்லில் கூடு கட்டிக்கொண்டன.

இதெல்லாம் பழைய காலம். பிறகு ஒருநாள் எல்லா வாத்துகளும் கூடிப் பேசின. நடந்தது தப்பு என்று ஒத்துக்கொண்டன. "இனிமேல் யாரும் எங்கேயும் கூடு கட்டலாம்!" என்று முடிவானது. "நாமெல்லாம் ஏரியார்!" என்று ஒரு பொதுப் பேரும் வந்தது. என்ன, அதற்குள் திட்டில் கால் வைக்கக்கூட இடம் இல்லை.

அந்தப் பேரோடு ஒரு கூப்பாடும் வந்தது.

கரையில் ஒரு புற்று. புற்றில் ஓர் உடும்பு. முட்டை என்றால் அதற்கு உயிர். ஐந்தாறு வாத்துகள் எதிர்த்தால் வாலைச் சுழற்றி அடித்துத் தள்ளிவிடும். கூட்டமாக வந்து இறக்கையால் மொத்தினால்தான் ஓடும். அதனால், உடும்பைக் கண்ட வாத்து "ஏரி! ஏரி!" என்று கத்த வேண்டும். காதில் கேட்ட வாத்துகள் எல்லாம் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வர வேண்டும்.

வரத்தான் செய்தன. ஆனால் திட்டிலிருந்து கரைக்கு நீந்தி வரக் கொஞ்சம் நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் இரண்டு முட்டை போய்விடும். போன வருஷம் மொத்தம் பதினோரு முட்டை போயின. பதினொன்றும் கரையில் இட்டவை.

அதில் நான்கு, மிளகு என்ற கறுப்பு வாத்தின் முட்டைகள்.

இந்த வருஷம் முட்டையிடும் பருவம் வந்ததும் மிளகு நேரே திட்டுக்குப் போனது. அங்கே சங்கு என்ற வெள்ளை வாத்து இருந்தது. ஏரியில் எல்லா வாத்துகளும் மதிக்கிற வாத்து. நல்ல மாதிரி. யாரையும் கடிந்து பேசாது.

"அண்ணே, திட்டிலே எனக்கு ஒரு மூலை கிடைக்குமா? ஒரே ஒரு கூடு கட்டிக்கிறேன்."

"யாரும்மா வேண்டாம்னது? நாமெல்லாம் ஏரியார். இடம் இருக்கிற பக்கம் தாராளமா கட்டிக்கோ!"

"இடம் இல்லையே அண்ணே!"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்? இருக்கிற கூட்டைப் பிடுங்கிப் போடவா?"

"கொஞ்சம் நெருக்கி உக்காந்தா இடம் வரும். வருஷா வருஷம் கறுப்பு வாத்து முட்டைதானே போகுது?"

சங்குவின் முகம் வாடிப் போனது.

"இங்கே கறுப்பு ஏது, வெள்ளை ஏது மிளகு? நாங்க நிறம் பார்க்கிறதை விட்டு எத்தனை காலம் ஆச்சு! நீ போய் அதைக் கிளறலாமா? இப்படிப் பேசினாத்தான் ஏரி ரெண்டாகும்."

மிளகு வந்தது ஒரு மூலை கேட்க. இப்போது ஏரியைப் பிரிக்க வந்தவள் மாதிரி ஆகிவிட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நீந்தியது.

கரையில் அதன் தம்பி கரிசல் காத்திருந்தது.

"என்னக்கா, மூலை கிடைச்சுதா?"

"புத்திமதி கிடைச்சுது."

"நான்தான் அப்பவே சொன்னேனே! ஏரியாராம், ஏரியார்! சேறு சுமக்கிறப்போ நாம கறுப்பு. இடம் கேட்கிறப்போ மட்டும் நிறமே கிடையாது. நல்லா இருக்கே கதை!"

"கோபப்படாதே தம்பி."

"கோபப்படாம? இனிமே நமக்கு அந்தக் கூப்பாடு வேண்டாம்க்கா. 'கரை! கரை!'ன்னு கத்துவோம். நம்ம ஆளுங்க பக்கத்திலேயே இருக்காங்க. கத்தினதும் வந்துடுவாங்க. அவங்க கூப்பிட்டா நாம போக வேண்டாம்!"

மற்ற கறுப்பு வாத்துகள் பதினாலும் தலையாட்டின. மிளகு தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. போன வருஷத்து நான்கு முட்டைகள் அதன் வாயை அடைத்துவிட்டன.

கரிசல் சொன்னது பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான்கே நாளில் உடும்பு கோரைக்குள் தலையை நீட்டியது. "கரை!" என்று ஒரு குரல் எழும்பியதுதான் தாமதம், பதினாலு வாத்துகளும் அங்கே இருந்தன. உடும்பு திகைத்துப் போய்ப் புற்றுக்குள் ஓடியது. ஒரு முட்டைகூடப் போகவில்லை!

"பார்த்தியா அக்கா!" என்று கரிசல் நெஞ்சை நிமிர்த்தியது.

திட்டில் இருந்தவை இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

"என்னமோ 'கரை'ன்னு கத்தறாங்க. நம்மளைக் கூப்பிடலை போல" என்றது ஒரு வெள்ளை வாத்து.

"அப்போ நாம மட்டும் ஏன் 'ஏரி'ன்னு கத்தணும்? 'திட்டு'ன்னு கத்துவோம்!" என்றது இன்னொன்று.

சங்கு வேண்டாம் என்றது. யாரும் கேட்கவில்லை. சங்குவும் இரண்டாவது முறை சொல்லவில்லை.

இப்படியாக ஏரிக்கு இரண்டு கூப்பாடு வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டது பொரி. அதன் அப்பா கறுப்பு, அம்மா வெள்ளை. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

"ஏய் பொரி! நீ எந்தக் கூப்பாட்டுக்கு வருவே?" என்று கரையில் கேட்டன.

"ரெண்டுக்கும்!"

"அதெல்லாம் முடியாது. ஏதாவது ஒண்ணைச் சொல்லு!"

திட்டிலும் அதே கேள்விதான் வந்தது. பொரி இரண்டு பக்கமும் பதில் சொல்லாமல் நடுத்தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் புற்று வாசலில் வெயில் காய்ந்தபடி உடும்பு கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் பாறைமேல் கிடந்த ஆமை கழுத்தை நீட்டியது.

"என்ன தனியா சிரிக்கிறே?"

"'ஏரி'ன்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டிருந்துதே, எட்டு நாளா அதைக் கேட்டியா நீ?"

"இல்லையே!"

"நானும் கேட்கலை. காது எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா!"

"அதான் ரெண்டு சத்தம் வந்திருக்கே? கரையிலே உனக்கு அடி விழுந்ததை நான் பார்த்தேனே!"

"விழுந்தது. ஆனா அந்தக் கூட்டத்திலே ஒருத்தி இருக்கா. மிளகுன்னு பேர். எந்தச் சத்தம் கேட்டாலும் அவளால உக்கார முடியலை. திட்டுப் பக்கம் கத்தினாலும் எழுந்து எழுந்து உக்கார்றா. அவ கூட்டிலே அஞ்சு முட்டை இருக்கு."

ஆமை கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

மறுநாள் காலை. வெள்ளை வாத்துகளில் பாதி, அக்கரை வயலுக்கு மேயப் போயிருந்தன. மிளகு கூட்டில் உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு முட்டைக்குள்ளிருந்து டொக், டொக் என்று மெல்லிய சத்தம். இன்றோ நாளையோ ஓடு உடைந்துவிடும். மிளகு அசையாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

"திட்டு! திட்டு! திட்டு!"

மிளகு தலையைத் தூக்கியது. உடும்பு தண்ணீரிலிருந்து திட்டின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. முதல் கூடே சங்குவின் கூடு. ஏழெட்டு வாத்துகள் மட்டும் இறக்கையை அடித்துக்கொண்டு நின்றன. பொரி அங்கே நீந்திப் போவது தெரிந்தது.

மிளகு எழுந்தது.

"அக்கா, உக்காரு! அது நம்ம கூப்பாடு இல்லை!" என்று கரிசல் சற்றுத் தள்ளியிருந்து தடுத்தது.

"முட்டை தெரியுது தம்பி."

"அவங்க முட்டை!"

"முட்டைதானேடா!"

அதற்குமேல் மிளகு நிற்கவில்லை. தண்ணீரில் பாய்ந்து போனது. போன வேகத்தில் உடும்பின் கண்ணில் இறக்கையால் ஓங்கி ஒரு அறை விட்டது. உடும்பு சறுக்கித் தண்ணீரில் விழுந்து மூழ்கியது. திட்டு முழுக்க ஒரே ஆரவாரம்!

"ஓடிட்டான்! ஓடிட்டான்!"

"எங்க கிட்டயா வாலாட்டறே!"

மிளகு தண்ணீரைப் பார்த்தது. உடும்பு மேலே வரவில்லை. எங்கே போயிற்று? கரைப் பக்கமாக ஒரு கோடு நீரில் நகர்ந்துகொண்டிருந்தது. நேராக, வேகமாக, அதன் கூடு இருந்த கோரையை நோக்கி.

மிளகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்தியது. நீந்தியபடியே கத்தியது.

"ஏரி! ஏரி! ஏரி!"

அந்தச் சமயத்தில் அதன் வாயில் அதுதான் வந்தது. குஞ்சாக இருந்தபோது முதலில் கற்ற கூப்பாடு அது.

கரையில் கரிசலுக்கு அது கேட்டது. குரல் திட்டுப் பக்கத்துத் தண்ணீரிலிருந்து வந்தது. கூட்டைக் கோரை மறைத்திருந்தது. 'ஏரிங்கிறது சங்குவோட சொல்லாச்சே. அக்கா அவங்களைக் கூப்பிடுது. அங்கே இன்னும் சண்டை முடியலை போல' என்று நினைத்தது. மற்ற கறுப்பு வாத்துகளும் உட்கார்ந்தே இருந்தன.

திட்டில் சங்குவுக்கும் கேட்டது. அது இறக்கையைப் பாதி விரித்தது.

"இருங்கண்ணே! கரைப் பக்கத்து விஷயம் அது. தனிக் கூப்பாடு வேணும்னு அவங்கதானே ஆரம்பிச்சாங்க? அவங்க ஆளுங்க இருக்காங்க, வருவாங்க" என்றது பக்கத்தில் இருந்த வாத்து.

சங்கு கரையைப் பார்த்தது. பதினாலு வாத்தில் யாராவது எழுந்து ஓடுவார்கள் என்று பார்த்தது. பாதி விரித்த இறக்கை அப்படியே நின்றது.

பொரி மட்டும் பின்னால் வந்தது. எந்தக் கூப்பாட்டுக்கும் சேர்க்காமல் விட்ட பொரி.

இரண்டு வாத்துகளால் என்ன செய்ய முடியும்? உடும்பின் வால் ஒரு சுழற்றில் பொரியைச் சேற்றில் தள்ளியது. மிளகு மறுபடி மறுபடி மேலே விழுந்து கொத்தியது. உடும்பு அதைச் சட்டை செய்யவே இல்லை. நிதானமாகத் தின்றது. சத்தம் வந்துகொண்டிருந்த முட்டையைக் கடைசியாகத் தின்றது.

எல்லாம் முடிந்த பிறகுதான் எல்லாரும் வந்தார்கள். கறுப்பும் வந்தது, வெள்ளையும் வந்தது. கோரைப்புல்லைச் சுற்றி நிற்க இடம் இல்லாத அளவுக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் கால்வாசி முன்னால் வந்திருந்தால் போதும்.

கரிசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மிளகிடம் வந்தது.

"நீ 'கரை'ன்னு கத்தியிருந்தா நான் பறந்து வந்திருப்பேனே அக்கா!"

சங்கு தரையைப் பார்த்தபடி சொன்னது. "'திட்டு'ன்னு ஒரு குரல் கொடுத்திருந்தா நாங்களும்..."

மிளகு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"நீங்க எல்லாரும் வரணும்னு நினைச்சேன். அதுக்கு வேற என்ன சொல்லிக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியலை."

கூட்டம் மெல்லக் கலைந்தது. பொரி மட்டும் சேற்றை உதறாமல் மிளகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அடுத்த பருவத்துக்குள் திட்டில் வெள்ளை வாத்துகள் நெருக்கி உட்கார்ந்தன. ஆறு கறுப்புக் கூடுகளுக்கு இடம் வந்தது. இத்தனை நாளும் வந்திருக்கக்கூடிய இடம்தான். "மறுபடியும் ஒரே கூப்பாடு!" என்று எல்லா வாத்துகளும் ஒத்துக்கொண்டன. கரிசலே போய்க் குஞ்சுகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது. மிளகு மட்டும் அந்த வருஷம் முட்டையிடவில்லை.

இப்போதும் அந்த ஏரியில் "ஏரி!" என்று குரல் எழும்புகிறது. வாத்துகள் எழுகின்றன, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எழுவதற்கு முன்னால், கத்தியது யார், எந்தப் பக்கத்து வாத்து என்று ஒரு நொடி திரும்பிப் பார்க்கின்றன. உடும்புக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருக்கிறது.

எல்லாரும் ஒன்று என்ற பேரை வாயளவில் மட்டும் வைத்திருந்தாலும், கோபத்தில் அதைத் தூக்கி எறிந்தாலும், ஆபத்தில் எல்லாரையும் கூப்பிட ஒரு சொல் மிஞ்சாமல் போய்விடும்.