இருவாச்சிக் கதைக்கு மயில் அட்டை

மலைக்காட்டில் வடிவு என்ற முள்ளம்பன்றி ஒரு காதல் நாவலை எழுதி முடித்தது. ஓர் இருவாச்சி ஜோடியின் கதை அது. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட்டது. ஆண் பறவை நூறு நாளும் சிறு துவாரம் வழியாக இரை ஊட்டியது.

அட்டைப்படம் வரைய துடுக்கன் என்ற குரங்கு வந்தது. அது நாவலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"காதல் கதைதானே அக்கா? மழையில் இரண்டு மயில்களை ஆட விடுகிறேன். அள்ளிக்கொண்டு போவார்கள்!"

"கதையில் மயிலே இல்லையே, தம்பி!"

"வாங்கிய பிறகுதானே அது தெரியும்!"

வடிவுக்கு மனம் உறுத்தியது. ஆனாலும் நாலு பேர் படிக்க வேண்டுமே என்ற ஆசை. சரி என்று தலையாட்டிவிட்டது.

காலையில் பிரதிகள் எல்லாம் பறந்தன. மாலைக்குள் எல்லாம் திரும்பி வந்தன.

"ஆட்டம் எங்கே? மழை எங்கே? ஏமாற்றிவிட்டாயே!" என்று கத்திய கீரி, தன் பிரதியை ஓடையில் வீசியது.

நீர் குடிக்க வந்த கரடி அதை எடுத்து ஒரு பக்கம் படித்தது. "அடடா! இப்படி ஒரு கதைக்குத்தானே ஏங்கினேன்! மயிலைப் பார்த்துவிட்டு, நமக்கு இல்லை என்று போய்விட்டேனே!"

கதையில் வரும் ஜோடி இந்த ஆண்டும் கூடு வைத்திருந்த மரத்தடிக்கு வடிவு துடுக்கனை இழுத்துச் சென்றது. "பேசாமல் மேலே பார்!"

காடே அதிரும் இறக்கைச் சத்தத்தோடு ஆண் இருவாச்சி வந்து இறங்கியது. தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை எடுத்துத் துவாரத்தில் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகின் நுனி மட்டும் எட்டிப்பார்த்து வாங்கிக்கொண்டது. இன்னொரு பழம். இன்னும் ஒன்று. தீர்ந்ததும் மறுபடி பறந்துபோனது.

"அக்கா... தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லையே!"

"இன்று எழுபதாவது நாள், தம்பி."

அந்தப் பறவை மூன்று முறை வந்துபோகும்வரை துடுக்கன் கழுத்து வலிக்க அண்ணாந்தே நின்றது.

புது அட்டை வந்தது. பெரிய மரம், அதில் ஒரு கீறல், கீறலில் ஓர் அலகு நுனி, எதிரே ஒரு பழம். அவ்வளவுதான்.

கீரி அதைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. கரடி வாங்கியது. ஒரு யானையும் வாங்கியது. படித்து முடித்த யானை, அட்டையைத் தும்பிக்கையால் தடவியபடி நெடுநேரம் அசையாமல் நின்றது.

உள்ளே இருப்பதை உள்ளபடி காட்டும் அட்டையே ஒரு கதையை அதற்கு உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.