வெறும் எண்ணெய்

கால்நடை மருத்துவர் செல்வநாயகம் இருபத்தைந்து வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுவிட்டு, ஐம்பத்தோரு வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆசைப்பட்டார். வழிகாட்டியாக வாய்த்த மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. தன் கைராசியில் அத்தனை நம்பிக்கை.

பால்குடி மறந்த பெண் எலிக்குட்டிகள் இருபத்துநாலு. அதில் பாதிக்கு, பெண் ஹார்மோனை நல்லெண்ணெயில் கரைத்து ஏழு நாள் ஊசி போட்டார். எட்டாம் நாள் எல்லாவற்றையும் அறுத்து உறுப்புகளை நிறுத்துப் பார்த்தார். ஊசி போட்டவற்றின் கருப்பை நாலு மடங்கு பருத்திருந்தது. நோயெதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பியோ பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று துள்ளிக்கொண்டு வந்தார்.

"தைமஸைச் சுருக்கினது ஹார்மோன்தான்னு எழுதிடலாமா மேடம்?"

"மத்த பன்னிரண்டுக்கும் என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலை. வெறும் எண்ணெயை எதுக்குக் குத்தணும்? குட்டிங்க பாவம், மனசு வரலை."

மெஹருன்னிசா கூண்டறையிலிருந்து வேறொரு குட்டியைக் கொண்டுவந்தார். ஊசியில் வெறும் நல்லெண்ணெயை ஏற்றி அவரிடம் நீட்டினார். செல்வநாயகம் பிடரியைப் பிடித்துக் குத்தினார். குட்டி அவர் கையிலேயே மூத்திரம் பெய்தது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவர் விரலுக்குத் தெரிந்தது.

"இதுல என்ன மருந்து இருக்கு டாக்டர்?"

"மருந்தே இல்லை."

"ஏழு நாளும் இப்படிப் பயந்தா தைமஸ் என்ன ஆகும்?"

சுருங்கும். அவருக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறார். ஊசியே படாத குட்டிகளோடு ஒப்பிட்டு, சுருக்கியது மருந்தா பயமா என்று இனி எந்தக் கொம்பனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"இரக்கப்பட்டது ஒரு தப்பா மேடம்?"

மெஹருன்னிசா குட்டியை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"உங்க இரக்கத்தால பன்னிரண்டு குட்டிக்கு ஊசி வலி மிச்சம். அதுக்காக சோதனையை மறுபடி செய்ய இன்னும் இருபத்துநாலு சாகணும். தப்பான்னு அதுங்ககிட்டக் கேளுங்க டாக்டர்."