நூற்றுக்கு அறுபது

ஆம்புலன்ஸ் கேட்டு அழைத்தவர் சொன்ன தெருப் பெயர் ஆபரேட்டர் எஸ்தருக்குக் கேட்கவில்லை. வண்டி தேடிப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய கர்ப்பிணி மனைவி இறந்துவிட்டாள்.

"இன்டர்நெட் போன்மேல பழி போடாதே. உன் காதுதான் செவிடு!" என்று விசாரணையில் பாய்ந்தார் மருத்துவமனை இயக்குநர் குலசேகரன்.

எஸ்தர் போனின் பதிவை அச்செடுத்து நீட்டினாள். "அந்த அழைப்பு வந்த நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, நூறு துண்டா கிளம்பின குரல்ல அறுபதுதான் வந்து சேர்ந்திருக்கு சார். லைன்ல நெரிசல். உங்க ரூம்லயும் நெட் திணறியிருக்குமே?"

"கதை விடாதே! அந்த நேரம் என் ரூம் டிவியில நெட்லதான் மேட்ச் பார்த்தேன். ஒரு பந்துகூடத் திக்கல."

விசாரணைக் குழு நிமிர்ந்தது. எஸ்தர் இரண்டாவது தாளை வைத்தாள். அதன்படி, போனுக்கும் டிவிக்கும் ஒரே இன்டர்நெட் லைன்; நாலு பத்துக்கு அதை அடைத்தது அந்த டிவிதான்.

"உங்களுக்கு ஒரு பந்தும் தவறல சார். எனக்குத் தெருப் பேரு தவறிடுச்சு."